பகா எண்களைப் பெருக்கி ஒன்று கூட்டினால் எப்போதும் பகா எண்தான் வருமா?

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். மகள் பத்தாம் வகுப்பு. 2, 3, 5, 7 என்று பகா எண்களை வரிசையாகப் பெருக்கி, வரும் விடையோடு 1 கூட்டினால் எப்போதும் ஒரு புதிய பகா எண் கிடைக்கும் என்று டியூஷனில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்களும் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். 2 × 3 + 1 = 7. 2 × 3 × 5 + 1 = 31. அடுத்து 7-ஐயும் சேர்த்தால் 211. 11-ஐயும் சேர்த்தால் 2311. நான்குமே பகா எண்கள். அப்படியானால் பெரிய பகா எண் வேண்டும் என்று உலகம் முழுக்கக் கணினிகளை வருடக்கணக்கில் ஓடவிடுகிறார்களே, எதற்கு, பெருக்கி ஒன்று கூட்டினால் வேலை முடிந்ததே என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. டியூஷனில் சொன்னது சரியா என்பது ஒன்று. பகா எண்களைப் பெருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் என்னை இருபது வருடத்துக்கு மேலாக எண்கோட்பாடு வகுப்பில் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் பதில் நீளமாகத்தான் இருக்கும்.

டியூஷனில் சொன்னது தவறு. நீங்கள் இன்னும் ஒரே ஒரு படி போயிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். 2 × 3 × 5 × 7 × 11 × 13 = 30030. ஒன்று கூட்டினால் 30031. இது பகா எண் அல்ல, 59 × 509.

இதை நான் வகுப்பில் விடையைச் சொல்லாமல் கரும்பலகையில் எழுதிவிட்டு, பகா எண்ணா இல்லையா, கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிடுவேன். முதலில் சிலர் 3-ஆல் வகுக்கத் தொடங்குவார்கள். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துத் தடுப்பார்: 30030 மூன்றால் வகுபடும், அதோடு 1 கூட்டியிருக்கிறோம், மீதி 1 வந்தே தீரும். அதே காரணத்தால் 2, 3, 5, 7, 11, 13 ஆறையும் தொடவே வேண்டாம். 17-இல் தொடங்கினால் போதும். எதுவரை போக வேண்டும்? 30031-இன் வர்க்கமூலம் 173-ஐக் கொஞ்சம் தாண்டும், ஆகவே 173 வரை. சரி, வகுக்கிறார்கள். 17-ஆல் வகுத்தால் மீதி 9. 19-ஆல் 11. 23-ஆல் 16. 29-ஆலும் 16. 31-ஆல் 23. 37-ஆல் 24. 41-ஆல் 19. 43-ஆல் 17. 47-ஆல் 45. இந்த இடத்தில் பாதி வகுப்பு பேனாவை வைத்துவிட்டு, பகா எண்தான் சார் என்று சொல்லிவிடும். விடாமல் போகிறவர்களுக்கு 53-ஆல் மீதி 33, அடுத்த 59-இல் மீதி சுழி. பதினோராவது முயற்சி. அந்தச் சுழி விழும்போது வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே ஒவ்வொரு வருடமும் இந்தக் கணக்கைப் போடுகிறேன்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அது நல்ல குடும்பத்தில் பிறந்த தவறு. பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்பதற்கு யூக்ளிட் சுமார் 2300 வருடங்களுக்கு முன் தந்த நிரூபணம்தான் இதன் மூலம். அவருடைய எலிமென்ட்ஸ் நூலின் ஒன்பதாம் பாகத்தில் இருபதாவது கூற்று. பள்ளியில் இதை இப்படி நடத்துவார்கள்: பகா எண்கள் இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் பெருக்கி 1 கூட்டுவோம். வரும் எண் எந்தப் பகா எண்ணாலும் வகுபடாது, ஆகவே அதுவும் ஒரு பகா எண். பட்டியலில் இல்லாத பகா எண் வந்துவிட்டது, முரண்பாடு. இந்த வாதத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனால் 'ஆகவே அதுவும் ஒரு பகா எண்' என்ற வாக்கியம், பட்டியல் முழுமையானது என்ற பொய்யான அனுமானத்தின் கூரைக்குள் மட்டும்தான் செல்லும். அந்த வாக்கியத்தை மட்டும் பிய்த்து வெளியே எடுத்து வந்தால் செல்லாது. பிய்த்து எடுத்துத்தான் பலரும் மனப்பாடம் செய்கிறார்கள். நான் படித்த காலத்தில் ஒரு கைடு புத்தகத்தில் இதைத் தனி விதியாகவே அச்சடித்திருந்தார்கள். கல்லூரி முதல் வருடம் வரை நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

யூக்ளிட் சொன்னது இதைவிட எளியது. முரண்பாடு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. உன் கையில் சில பகா எண்கள் இருக்கட்டும், எவை என்றாலும் சரி. அவற்றைப் பெருக்கி ஒன்று கூட்டு. வரும் எண் பகா எண்ணாக இருந்தால் ஒரு புதிய பகா எண் கிடைத்தது. இல்லாவிட்டால் அதை வகுக்கும் ஒரு பகா எண் இருக்கும், அது உன் கையில் இருப்பவற்றில் ஒன்றாக இருக்க முடியாது, ஏனென்றால் அவற்றால் வகுத்தால் மீதி 1. எப்படியானாலும் புதிதாக ஒன்று கிடைத்தே தீரும். 30031-இல் நடந்தது இரண்டாவது வகை. 59, 509 இரண்டுமே நாம் பெருக்கிய பட்டியலில் இல்லாதவை. இன்னொன்றையும் கவனியுங்கள், அவர் வரிசையாக எடுக்கச் சொல்லவே இல்லை. 3-ஐயும் 5-ஐயும் மட்டும் எடுத்தால் 15 + 1 = 16. அதற்குள் இருக்கும் பகா எண் 2 ஒன்றுதான். புதிய பகா எண் பழையவற்றைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

உங்கள் வரிசையைத் தொடர்ந்தால் 17 வரை பெருக்கி ஒன்று கூட்டியது 510511 = 19 × 97 × 277. 19 வரை போனால் 9699691 = 347 × 27953. 23 வரை, 29 வரை போனாலும் பகு எண்கள்தான். நான்கு நல்ல விடைகளுக்கு அப்புறம் ஐந்து தொடர் தோல்விகள். பிறகு 31 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 200560490131, அது மறுபடியும் பகா எண்! அதற்கு அடுத்து பகா எண் கிடைக்க 379 வரை பெருக்கிக்கொண்டு போக வேண்டும். இந்த வரிசையில் பகா எண்கள் முடிவில்லாமல் வருமா என்பதை யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. பகு எண்கள் முடிவில்லாமல் வருமா என்பதற்கும் நிரூபணம் இல்லை. வரும் என்றுதான் இத்துறையில் இருப்பவர்கள் நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒன்றை மகளுக்குத் தருகிறேன்: இந்த வரிசையில் எந்த எண்ணும் வர்க்க எண்ணாக இருக்காது. பெருக்கலில் 2 ஒரே ஒரு முறைதான் இருக்கிறது, மற்றவை எல்லாம் ஒற்றைப்படை. ஆகவே பெருக்கற்பலனை 4-ஆல் வகுத்தால் மீதி 2, ஒன்று கூட்டினால் மீதி 3. ஒற்றைப்படை எண்ணின் வர்க்கம் எதுவானாலும் 4-ஆல் வகுத்தால் மீதி 1-தான் வரும். எண் எவ்வளவு பெரியதானாலும், அதை எழுதிக்கூடப் பார்க்காமல் இதைச் சொல்லிவிடலாம்.

இதே யோசனையைக் கொஞ்சம் மாற்றி 1963-இல் ஆல்பர்ட் மலின் ஒரு கேள்வி கேட்டார். 2-இல் தொடங்கு. இதுவரை கிடைத்தவற்றைப் பெருக்கி ஒன்று கூட்டு, அதன் மிகச் சிறிய பகாக் காரணியை வரிசையில் சேர். 2, அப்புறம் 3, அப்புறம் 7, அப்புறம் 43. அடுத்து 2 × 3 × 7 × 43 + 1 = 1807 = 13 × 139, ஆகவே 13. அடுத்து 23479 = 53 × 443, ஆகவே 53. அடுத்து வருவது 1244335, அது 5-இல் முடிகிறது, ஆகவே 5. இப்படியே போனால் எல்லாப் பகா எண்களும் என்றாவது ஒருநாள் வந்துவிடுமா என்பதுதான் அவர் கேட்டது. விடை இன்னும் கிடைக்கவில்லை. கணக்கிட்டுப் பார்த்த வரையில் 41 என்ற சின்னஞ்சிறு எண்கூட இன்னும் வரவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு பிரம்மாண்டமான எண்ணைக் காரணிப்படுத்த வேண்டியிருப்பதால் மேலே போவது பெரும்பாடு.

இனி இரண்டாவது கேள்வி. பகா எண்களைப் பெருக்கினால் கிடைப்பது பகா எண்ணாக இருக்காது என்பது சொல்லாமலே தெரியும், இரண்டு எண்களின் பெருக்கமாக எழுதிவிட்டோமே. அந்தப் பெருக்கற்பலன் தன்னைப் பெற்றவர்களை மறப்பதில்லை என்பதுதான் ஆச்சரியம். 30031-ஐ யார் எப்படிப் பிரித்தாலும், இங்கே பிரித்தாலும் வேறு கிரகத்தில் பிரித்தாலும், 59-உம் 509-உம்தான் வரும். மகளின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இது அடிப்படை எண்ணியல் தேற்றம் என்ற பெயரில் இருக்கிறது. (இலங்கையில் படித்தவர்கள் இதைப் படித்தால்: நீங்கள் முதன்மை எண் என்று சொல்வதைத்தான் நாங்கள் பகா எண் என்கிறோம்.) பெரும்பாலான மாணவர்கள் இதை, இதிலென்ன இருக்கிறது, வெளிப்படையாகத் தெரிவதுதானே என்று தாண்டிப் போய்விடுவார்கள். அது வெளிப்படை இல்லை. இப்படிச் செய்து பாருங்கள். உலகத்தில் இரட்டைப்படை எண்கள் மட்டும்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2, 4, 6, 8, 10. அந்த உலகத்தில் 4 என்பது 2 × 2, ஆகவே பிரியும். 6 பிரியாது, ஏனென்றால் 3 அங்கே இல்லை. 10 பிரியாது. 30 பிரியாது. அந்த உலகத்தின் 'பகா எண்கள்' 2, 6, 10, 14, 18, 22, 26, 30 என்று போகும். இப்போது 60-ஐப் பிரியுங்கள். 2 × 30 என்றும் பிரிக்கலாம், 6 × 10 என்றும் பிரிக்கலாம். நான்குமே மேற்கொண்டு பிரியாதவை. ஒரே எண்ணுக்கு இரண்டு பெற்றோர்! பெருக்கல் அதே பெருக்கல்தான், இருந்தும் தனித்தன்மை போய்விட்டது.

நம் எண்களில் இப்படி நடக்காமல் காப்பது ஒரே ஒரு குணம். ஒரு பகா எண் இரண்டு எண்களின் பெருக்கத்தை வகுத்தால், அந்த இரண்டில் ஒன்றையாவது அது வகுத்தே ஆக வேண்டும். இதுவும் யூக்ளிடின் நூலில், ஏழாம் பாகத்தில் இருக்கிறது. இதை அடித்தளமாக வைத்து, பிரிப்பது ஒரே வழியில்தான் முடியும் என்பதை முழுமையாக எழுதி நிரூபித்தவர் ஜெர்மன் கணிதவியலாளர் காஸ், 1801-இல். 1-ஐப் பகா எண்களில் சேர்க்காததற்கும் இதுதான் காரணம். சேர்த்தால் 6 = 2 × 3 = 1 × 2 × 3 = 1 × 1 × 2 × 3 என்று ஒரே எண்ணுக்குக் கணக்கில்லாத பிரிப்புகள் வந்துவிடும்.

பெற்றோர் யார் என்று தெரிந்துவிட்டால் எண்ணைப் பற்றி ஏறக்குறைய எல்லாமே தெரிந்த மாதிரி. 210 = 2 × 3 × 5 × 7. இதற்கு எத்தனை காரணிகள்? ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். ஒரு காரணியை உருவாக்க 2-ஐ எடுப்பதா விடுவதா, 3-ஐ எடுப்பதா விடுவதா, இப்படி நான்கு முடிவுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு. 2 × 2 × 2 × 2 = 16. வெவ்வேறு பகா எண்கள் இரண்டைப் பெருக்கினால் காரணிகள் எப்போதும் நான்குதான், மூன்றைப் பெருக்கினால் எட்டுதான். ஒரே பகா எண் பலமுறை வந்தால், எத்தனை முறை வந்ததோ அதோடு ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும். 5040-இல் 2 நான்கு முறை, 3 இரண்டு முறை, 5-உம் 7-உம் ஒவ்வொரு முறை. 5 × 3 × 2 × 2 = 60 காரணிகள். 5040-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைத்தான் ராமானுஜன் 1915-இல் லண்டனில் வெளியான நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தார். அவற்றில் 2-இன் அடுக்கு 3-இன் அடுக்கைவிடக் குறையாது, 3-இன் அடுக்கு 5-இன் அடுக்கைவிடக் குறையாது, இப்படி இறங்கிக்கொண்டே வந்து கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். விதிவிலக்கு 4, 36 இரண்டு மட்டுமே. கும்பகோணத்தில் சிலேட்டில் போட்டுப் பழகிய கைக்குத்தான் எண்களோடு இவ்வளவு நெருக்கம் வரும் என்று அந்தக் கட்டுரையைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இரண்டு வருடம் கழித்து ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து இன்னொன்றைக் காட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய எண்ணை எடுத்தால் அதற்குள் எத்தனை வெவ்வேறு பகா எண்கள் இருக்கும்? நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. பத்துக் கோடியை ஒட்டிய எண்களுக்கு மூன்றை ஒட்டித்தான் இருக்கும். இங்கே 'ஒட்டி' என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான எண்களுக்குப் பொருந்தும், ஒவ்வொரு எண்ணுக்கும் பொருந்தும் என்பதில்லை. நீங்கள் செய்கிற மாதிரி 23 வரை பெருக்கினால் வரும் 223092870-இல் ஒன்பது இருக்கின்றன. அது அந்த அளவு எண்களில் மிக அபூர்வமான வகை.

பெருக்கலில் தானாக விழும் சில அழகுகளையும் சொல்லிவிடுகிறேன். 3-க்கு மேற்பட்ட எந்தப் பகா எண்ணும் 6-இன் ஒரு மடங்குக்கு ஒன்று முன்னாலோ ஒன்று பின்னாலோதான் இருக்கும். அப்படிப்பட்ட இரண்டைப் பெருக்கினாலும் பலன் அதே மாதிரி இடத்தில்தான் விழும். 11, 13 மாதிரி இரண்டு வித்தியாசத்தில் இருக்கும் பகா எண்களைப் பெருக்கி ஒன்று கூட்டினால் எப்போதும் வர்க்க எண்: 143 + 1 = 144, 17 × 19 + 1 = 324. 3-க்கு மேற்பட்ட எந்தப் பகா எண்ணையும் வர்க்கப்படுத்தி ஒன்று கழித்தால் 24-ஆல் வகுபடும்: 25 − 1 = 24, 49 − 1 = 48, 121 − 1 = 120. காரணத்தை மகளே கண்டுபிடிக்கட்டும், பத்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

இப்போது உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். 59-ஐயும் 509-ஐயும் பெருக்க அரை நிமிடம் போதும். 30031-இலிருந்து 59-ஐக் கண்டுபிடிக்கப் பதினோரு வகுத்தல்கள் ஆயின. பெருக்கற்பலன் பெற்றோரை மறப்பதில்லை என்றேன். உண்மைதான், ஆனால் கேட்டால் சொல்லிவிடாது. எண் பெரிதாக ஆக இந்த இடைவெளி பயங்கரமாக விரிகிறது. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2-ஐ 67 முறை பெருக்கி 1 கழித்தால் வரும் 147573952589676412927. அது பகா எண் அல்ல என்று 1876-லேயே பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா காட்டிவிட்டார். ஆனால் எந்த எண்களின் பெருக்கம் என்று அவருக்கும் தெரியாது. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அந்த இரண்டையும் தந்தார்: 193707721 × 761838257287. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், எத்தனை நாள் பிடித்தது என்று கேட்டதற்கு மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றார் என்று ஒரு கதை உண்டு. அது பிற்காலத்தில் கணித வரலாறு எழுதியவர் வழியாகப் பரவிய கதை, அப்படியே நடந்ததாக நான் சத்தியம் செய்யமாட்டேன். பெருக்கலை மட்டும் நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம். ஒரு மாலைப்பொழுது போதும்.

இந்த ஒருவழிப் பாதையைத்தான் 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் செய்திகளை ரகசியமாக அனுப்ப உதவும் பூட்டாக மாற்றினார்கள். (பிரிட்டன் உளவுத்துறையில் கிளிஃபர்டு காக்ஸ் 1973-லேயே இதைக் கண்டுபிடித்திருந்தார், ரகசியம் என்பதால் 1997 வரை வெளியே தெரியவில்லை.) மூவரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஆர்எஸ்ஏ என்கிறார்கள். இரண்டு பெரிய பகா எண்களை ரகசியமாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கி, பலனை மட்டும் ஊருக்குச் சொல்லிவிடுவது. பூட்ட அந்தப் பலன் போதும், திறக்கப் பெற்றோர் வேண்டும். 1977-இல் சவாலாக விட்ட 129 இலக்க எண்ணை 1994-இல்தான் உடைத்தார்கள், இணையம் வழியாகச் சுமார் 600 பேர் தங்கள் கணினிகளைக் கொடுத்து உதவி. 250 இலக்க எண் ஒன்று 2020-இல் உடைந்தது. இன்று பரவலாகப் புழங்கும் அளவு 617 இலக்கம்.

ஆனால் பகா எண்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தவறினால் எவ்வளவு பெரிய பெருக்கமும் உதிர்ந்துவிடும். இரண்டும் அருகருகே இருந்தால் ஆபத்து: 9991 என்பது 10000 − 9, அதாவது 100-இன் வர்க்கத்திலிருந்து 3-இன் வர்க்கம் போனது, ஆகவே 97 × 103. ஒரு வகுத்தல்கூடத் தேவைப்படவில்லை. இன்னொரு ஆபத்து, இரண்டு பேர் தெரியாமல் ஒரே பகா எண்ணைப் பயன்படுத்திவிடுவது. 3551, 4187 என்று இரண்டு பூட்டுகள் என்று வையுங்கள். தனித்தனியாகக் காரணிப்படுத்த வேண்டியதே இல்லை. மகள் படிக்கும் யூக்ளிடின் வகுத்தல் வழிமுறையைப் போடுங்கள். 4187-இலிருந்து 3551 போனால் 636. 3551-ஐ 636-ஆல் வகுத்தால் மீதி 371. 636-ஐ 371-ஆல் வகுத்தால் 265. அப்புறம் 106. அப்புறம் 53. அடுத்தது சுழி. ஆக இரண்டுக்கும் பொதுவான பகா எண் 53. 3551 = 53 × 67, 4187 = 53 × 79. இரண்டு பூட்டும் ஒரே அடியில் திறந்துவிட்டன. 2012-இல் ஆராய்ச்சியாளர்கள் இணையத்தில் இருந்த லட்சக்கணக்கான பூட்டுகளை எடுத்து இதே கணக்கைப் போட்டபோது, இப்படிப் பகா எண்ணைப் பகிர்ந்துகொண்டவை ஆயிரக்கணக்கில் அகப்பட்டன. 2300 வருடப் பழைய வழிமுறை, ஒரு மாற்றமும் இல்லாமல்.

எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்பதை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். பெருக்குவது சுலபம் என்பது நிச்சயம். திரும்பப் பிரிப்பது கடினம் என்பதை யாரும் நிரூபிக்கவில்லை. இத்தனை பேர் இத்தனை காலம் முயன்றும் வேகமான வழி அகப்படவில்லை, அவ்வளவுதான். குவாண்டம் கணினி என்று ஒன்று போதுமான அளவில் உருவானால் வேகமாகப் பிரித்துவிடலாம் என்று 1994-இல் பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். அப்படி ஒரு இயந்திரம் எப்போது வரும் என்பது பொறியியல் கேள்வி, அதில் கருத்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

இன்னொன்றும் இங்கே பலருக்குக் குழம்பும். ஒரு எண் பகா எண்ணா என்று சோதிப்பது வேறு, பகா எண் இல்லையென்றால் அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பது வேறு. முதலாவது ஒப்பீட்டளவில் சுலபம். ஃபெர்மாவின் சோதனை என்று ஒன்று உண்டு: பகா எண் ஒன்றை எடுத்து, அதனால் வகுபடாத ஏதாவது ஓர் எண்ணை, பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி வகுத்தால் மீதி 1 வரும். வராவிட்டால் அது பகா எண்ணே இல்லை, காரணி தெரியாமலே சொல்லிவிடலாம். ஆனால் சில பெருக்கங்கள் பகா எண் மாதிரி நடித்து இந்தச் சோதனையை ஏமாற்றிவிடும். அவற்றில் ஒன்று நமக்கெல்லாம் தெரிந்த எண், ராமானுஜனைப் பார்க்க ஹார்டி வந்த டாக்சியின் எண்ணான 1729. அது 7 × 13 × 19. ஒவ்வொன்றிலும் ஒன்று கழித்தால் 6, 12, 18, மூன்றுமே 1728-ஐ மீதியில்லாமல் வகுக்கும். அதனால்தான் ஏமாற்ற முடிகிறது. இப்படிப்பட்ட எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்பது 1994-இல் நிரூபணமானது. ஏமாறாத, அதே சமயம் வேகமான சோதனை ஒன்று எல்லா எண்களுக்கும் உண்டு என்று 2002-இல் காட்டியவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும்.

ஆகவே பெரிய பகா எண்ணைத் தேடுகிறவர்கள் உங்கள் முறையை ஒதுக்கிவிடவில்லை. பெருக்கி ஒன்று கூட்டிய எண்ணில் ஒன்றைக் கழித்தால் அதன் காரணிகள் எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, அது தெரிந்தால் பகா எண்ணா என்று உறுதியாக நிரூபிக்க நல்ல வழி இருக்கிறது. அதனால் இந்த வரிசையிலும் தேடல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் கோல் பிரித்த எண்ணின் இனத்துக்கு, அதாவது 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்தவற்றுக்கு, இன்னும் வேகமான சோதனை உண்டு. 2024 அக்டோபரில் கண்டுபிடித்த பெரிய பகா எண் அந்த இனம்தான்: 2-ஐ 136279841 முறை பெருக்கி ஒன்று கழித்தது, நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள்.

மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். ஒன்று கூட்டுவதற்குப் பதில் கழித்துப் பார்க்கட்டும். 6 − 1 = 5, 30 − 1 = 29, இரண்டும் பகா எண்கள். 210 − 1 = 209, அது 11 × 19. 2310 − 1 = 2309, பகா எண். அடுத்தது 30029. அது பகா எண் என்று நான் சொன்னால் நம்ப வேண்டாம். 17-இலிருந்து 173 வரை பகா எண்கள் மொத்தம் 34. ஒவ்வொன்றாலும் வகுத்து மீதியை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வரட்டும், 47-இல் மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.